பிஎச்பியில் தேதிகளையும் மதிப்புகளையும் ஒப்பிடுவது: சொந்தமாக வலைப்பூ எழுதுபவர்களுக்கு

கேள்வி சுருக்கமாக இது. நீங்களே பிஎச்பியில் எழுதிய வலைப்பூ. ஒவ்வொரு பதிவின் வெளியீட்டுத் தேதியும் நாள்-மாதம்-ஆண்டு என்ற வடிவில் டேட்டாபேஸில் இருக்கிறது. இன்றைய தேதியையும் அதே வடிவில் எடுத்து, பதிவின் தேதி இன்றைக்குச் சமமாகவோ அதைவிடச் சிறியதாகவோ இருந்தால் முகப்பில் காட்டச் சொல்லியிருக்கிறீர்கள். டிசம்பரில் தொடங்கியபோது எல்லாம் ஒழுங்காக ஓடியது. ஜனவரி பிறந்ததும் டிசம்பர் பதிவுகள் பெரும்பாலும் காணாமல் போயின. பிப்ரவரிக்கென்று எழுதி வைத்த ஒரு பதிவு முன்கூட்டியே வெளியே வந்துவிட்டது. பிஎச்பியில் பிழையா என்று கேட்கிறீர்கள்.

பிஎச்பி நீங்கள் சொன்னதைத்தான் செய்திருக்கிறது. அதன் கையில் இருப்பது இரண்டு தேதிகள் என்று அதற்குத் தெரியாது. "28-12-2024", "05-01-2025" என்று இரண்டு ஸ்ட்ரிங்கை, அதாவது வெறும் எழுத்துத் தொடரை, நீட்டினீர்கள். ஸ்ட்ரிங்கை அது இடமிருந்து வலமாக ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடும். முதல் எழுத்து ஒரு பக்கம் 2, மறுபக்கம் 0. அங்கேயே முடிவு வந்துவிட்டது: டிசம்பர் 28 பெரியது, அதாவது "இன்னும் வராத தேதி". ஆகவே பதிவு மறைந்தது. அதே கணக்கில் "03-02-2025" என்பது "05-01-2025"ஐவிடச் சிறியது, ஆகவே பிப்ரவரிப் பதிவு வெளியே வந்தது. ஒரே மாதத்துக்குள் இருக்கும்வரை மாதமும் ஆண்டும் இரு பக்கமும் ஒன்றாக இருப்பதால் நாள் எண்ணை மட்டும் பார்த்தாலே விடை சரியாக வரும். டிசம்பரில் நீங்கள் எத்தனை முறை சோதித்திருந்தாலும் தவறு கண்ணில் பட்டிருக்காது.

இதிலிருந்து கிடைக்கும் ஒரு வழக்கத்தைக் கடைசிவரை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்: வாசகருக்குக் காட்டும் வடிவம் வேறு, ஒப்பிடும் வடிவம் வேறு. ஒப்பிட்டு முடித்த பிறகுதான் அழகுபடுத்த வேண்டும். கீழே நான் சொல்லும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த வரிசை தலைகீழானதால் வருபவைதான்.

(பிஎச்பியில் வேரியபிளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம், அப்படியே ஓடும். அதனால் எடுத்துக்காட்டுகளைத் தமிழிலேயே தருகிறேன்.)

சிலர் உடனே ஆண்டு-மாதம்-நாள் என்று மாற்றச் சொல்வார்கள். அது பலிக்கும். "2024-12-28" < "2025-01-05" என்பது எழுத்து வரிசையிலும் சரி, கால வரிசையிலும் சரி. ஆனால் மாதமும் நாளும் கட்டாயம் இரண்டு இலக்கமாக இருக்க வேண்டும். ஒரே ஓர் இடத்தில் "2025-9-5" என்று பூஜ்யம் இல்லாமல் நுழைந்தாலும் அது "2025-10-01"ஐவிடப் பெரியதாகிவிடும், ஏனென்றால் ஒன்பது ஒன்றைவிடப் பெரியது. படிவத்தில் கையால் தட்டிய தேதிகளில் இது சாதாரணமாக நடப்பது. சின்ன வேலைக்கு இந்த வழி போதும், வலைப்பூ முழுக்க இதை நம்பிக் கட்ட வேண்டாம்.

அடுத்து எல்லோரும் ஓடுவது ஸ்ட்ர்டுடைம் ஃபங்ஷனிடம். எந்தத் தேதி ஸ்ட்ரிங்கைக் கொடுத்தாலும் 1970 ஜனவரி 1 முதல் ஓடிய நொடிகளாக மாற்றித் தரும். எண்ணும் எண்ணும் ஒப்பிடுவதில் குழப்பம் இல்லை என்பது உண்மை. ஆனால் அது ஊகித்துப் படிக்கும் ஃபங்ஷன். இடையில் சாய்கோடு இருந்தால் அமெரிக்க முறையில் மாதம் முதலில் என்று எடுத்துக்கொள்ளும். சிறுகோடு இருந்தால் நாள் முதலில் என்று எடுத்துக்கொள்ளும். "04/05/2025" ஏப்ரல் 5, "04-05-2025" மே 4. நம் ஊரில் இரண்டையும் மே 4 என்றுதான் எழுதுகிறோம், படிக்கிறோம். தவறாகப் படித்தாலும் எந்த எச்சரிக்கையும் வராது.

இதைவிட மோசமானது "13/05/2025". பதின்மூன்றாம் மாதம் கிடையாது என்பதால் ஸ்ட்ர்டுடைம் ஃபால்ஸ் (பொய் என்ற மதிப்பு) திருப்பும். இப்போது இந்த வரியைப் பாருங்கள்:

$வெளியீடு <= $இப்போது

இடது பக்கம் ஃபால்ஸ், வலது பக்கம் நூற்றெழுபது கோடியைத் தாண்டிய ஓர் எண். ஒரு பக்கம் ட்ரூ அல்லது ஃபால்ஸ் வந்தால் பிஎச்பி மறுபக்கத்தையும் ட்ரூ, ஃபால்ஸாக மாற்றித்தான் ஒப்பிடும். ஃபால்ஸ், ட்ரூவைவிடச் சிறியது. நிபந்தனை நிறைவேறிவிட்டது; தேதியே படிக்க முடியாத பதிவு உடனே உலகத்துக்கு வெளியாகிவிடும். அதே மதிப்பை டேட் ஃபங்ஷனிடம் கொடுத்தால் பூஜ்யமாக எடுத்துக்கொண்டு 1970 ஜனவரி 1 என்று அச்சிடும். ஏதோ ஒரு வலைப்பூவில் பதிவின் கீழே 1970 என்று பார்த்திருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். ஆகவே ஸ்ட்ர்டுடைம் தந்ததை ஒப்பிடும் முன் === ஃபால்ஸ் (மூன்று சமக்குறி, மதிப்போடு வகையும் ஒன்றா என்று பார்ப்பது) என்று கேட்டுவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

என் பரிந்துரை டேட்டைம்-இம்யூட்டபிள் என்ற கிளாஸ். பிஎச்பி 5.5 முதல் இருக்கிறது. இதன் ஆப்ஜெக்ட்டுகளை <, >, == என்று நேரடியாக ஒப்பிடலாம்; இரண்டும் வெவ்வேறு நேர மண்டலத்தில் உருவாகியிருந்தாலும் உலக நேரத்தில் எது முந்தியது என்றே பார்க்கும். சென்னை காலை 9 மணியும் சிங்கப்பூர் காலை 11:30 மணியும் == கொடுத்தால் சமம் என்று வரும். ஆனால் === கொடுத்தால் ஒருபோதும் சமம் ஆகாது, ஏனென்றால் அங்கே அது கேட்பது "இரண்டும் ஒரே ஆப்ஜெக்ட்டா" என்று. "எப்போதும் மூன்று சமக்குறி போடு" என்ற பொது அறிவுரைக்குத் தேதி ஒரு விதிவிலக்கு.

இதற்கு முன்னோடியான டேட்டைம் கிளாஸை நான் தவிர்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அதில் வெளியீட்டுத் தேதியோடு முப்பது நாள் கூட்டிக் காலாவதித் தேதி உருவாக்கினால், கூட்டல் மூல ஆப்ஜெக்ட்டிலேயே நடந்துவிடும். $வெளியீடு, $காலாவதி இரண்டும் ஒரே தேதியைக் காட்டும். இம்யூட்டபிளில் மூலம் மாறாது, புதிய ஆப்ஜெக்ட் திரும்பி வரும். அதை ஒரு வேரியபிளில் பிடிக்க மறக்காதீர்கள்.

ஸ்ட்ரிங்கைப் படிக்கும்போது ஊகத்துக்கு இடம் கொடுக்காமல் கிரியேட்-ஃப்ரம்-ஃபார்மேட் மூலம் "இது நாள்-மாதம்-ஆண்டு" என்று வடிவத்தைச் சொல்லிவிடுங்கள். அதில் இரண்டு நுணுக்கங்கள். ஒன்று, தேதியை மட்டும் கொடுத்தால் மணி, நிமிடம், நொடி இந்த நிமிடத்தினுடையதாகிவிடும். காலையில் படித்த "05-01-2025"உம் மாலையில் படித்த "05-01-2025"உம் சமமாகாது. வடிவத்தின் தொடக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறி போட்டால் நேரம் பூஜ்யமாகும். இரண்டு, "31-02-2025" கொடுத்தால் மறுக்காமல் மார்ச் 3 என்று உருட்டிவிடும். அதைப் பிடிக்க எளிய வழி, படித்த தேதியை அதே வடிவில் திரும்ப எழுதி, மூல ஸ்ட்ரிங்கோடு === போட்டுப் பார்ப்பது. ஒத்துப்போகவில்லை என்றால் உள்ளே விடக்கூடாது.

நேர மண்டலத்துக்கு வருவோம். தமிழில் எழுதும் பலருக்கு வாசகர் சென்னையிலும் கொழும்பிலும் இருக்க, சர்வர் வேறெங்கோ யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அமைப்பில் எதுவும் சொல்லாவிட்டால் பிஎச்பியும் யூடிசியைத்தான் எடுத்துக்கொள்ளும். ஜனவரி 14 காலை 6 மணிக்குப் பொங்கல் வாழ்த்து வெளிவர வேண்டும் என்று "06:00" எழுதி வைக்கிறீர்கள். சர்வர் அதை யூடிசி 6 மணி என்று படித்தால் வாழ்த்து நம் நேரம் பகல் 11:30க்குத்தான் வரும். நள்ளிரவிலிருந்து காலை 5:30 வரை "இன்றைய பதிவுகள்" பக்கத்தில் நேற்றையவை நிற்கும். யூடிசியிலிருந்து இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வித்தியாசம் இதே ஐந்தரை மணி, அதாவது 19800 நொடி. எங்காவது இந்த அளவு பிசகு தெரிந்தால் வேறெதையும் தேடாமல் நேர மண்டலத்தைப் பாருங்கள்.

நான் கடைப்பிடிப்பது: டேட்டாபேஸில் எல்லாம் யூடிசி, ஒப்பிடுவதும் யூடிசி, திரையில் அச்சிடும் கடைசி வரியில் மட்டும் ஏசியா/கொல்கத்தா. மைஎஸ்கியூஎல்லின் "நவ்" ஃபங்ஷனும் பிஎச்பியின் "டேட்" ஃபங்ஷனும் வெவ்வேறு மண்டலத்தில் இருக்க வாய்ப்பு உண்டு என்பதால், ஒரு டேட்டாபேஸ் வினவலுக்கான "இப்போது"வை ஒரே இடத்திலிருந்து எடுங்கள். பிஎச்பியில் எடுத்து வினவலுக்குள் அனுப்புவது எனக்குப் பிடித்த வழி. சோதிக்கும்போது வேண்டிய தேதியை "இப்போது" என்று கொடுத்துப் பார்க்கவும் முடியும்.

வேர்ட்பிரஸ் பயன்படுத்துபவர்களுக்கு இங்கே தனியாக ஒரு குழி இருக்கிறது. "கெட்_த_டைம்" ஃபங்ஷனிடம் டைம்ஸ்டாம்ப் (1970 முதல் ஓடிய அதே நொடிக் கணக்கு) கேட்டால், உண்மையான டைம்ஸ்டாம்போடு தளத்தின் நேர வித்தியாசத்தையும் கூட்டித் தரும். பிஎச்பியின் "டைம்" அப்படிக் கூட்டாது. இரண்டையும் ஒப்பிட்டால் சற்றுமுன் வெளியிட்ட பதிவு ஐந்தரை மணி நேரம் எதிர்காலத்தில் இருப்பதாக வரும். பதிவின் வெளியீட்டு நேரத்தையும் திருத்திய நேரத்தையும் மட்டும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு "புதுப்பிக்கப்பட்டது" என்று காட்டும் நிரல் தப்பித்துவிடும், ஏனென்றால் இரு பக்கமும் ஒரே அளவு கூடியிருக்கிறது. அதனால்தான் ஓர் இடத்தில் சரியாக ஓடும் வரியை இன்னோர் இடத்தில் ஒட்டினால் பிசகுகிறது. 2019 நவம்பரில் வந்த 5.3 பதிப்பிலிருந்து கூட்டல் இல்லாத டைம்ஸ்டாம்ப் தரும் "கெட்_போஸ்ட்_டைம்ஸ்டாம்ப்" இருக்கிறது; அச்சிட "டபிள்யூபி_டேட்" இருக்கிறது. அவற்றையே பயன்படுத்துங்கள். ஒரே நாளில் வந்த பதிவுகளில் முதலாவதற்கு மட்டும் தேதி தெரிகிறது, மற்றவற்றுக்குக் காணோம் என்பதும் அடிக்கடி வரும் புகார். அது "த_டேட்" ஃபங்ஷனின் இயல்பு. முந்தைய பதிவின் நாளோடு ஒப்பிட்டு, ஒன்றாக இருந்தால் அச்சிடாது. எல்லாவற்றுக்கும் வேண்டுமென்றால் "கெட்_த_டேட்".

"3 நாட்களுக்கு முன்", "நேற்று" என்று காட்ட விரும்பினால் முதலில் எதை எண்ணுகிறோம் என்று முடிவு செய்யுங்கள். இரவு 11 மணிக்கு எழுதிய பதிவை ஒருவர் 1 மணிக்குப் படிக்கிறார். கடந்தது இரண்டு மணி நேரம். காலண்டர்படி அது நேற்றைய பதிவு. வித்தியாசத்தை ஒரு நாளின் நொடிகளான 86400ஆல் வகுத்தால் "இன்று" என்று வரும். காலண்டர் நாள் வேண்டுமென்றால் இரண்டு தேதிகளையும் வாசகரின் நேர மண்டலத்தில் நள்ளிரவுக்குக் கொண்டுவந்து பிறகு டிஃப் எடுக்க வேண்டும். அந்த டிஃப் தரும் ஆப்ஜெக்ட்டில் "டி" என்ற உறுப்பும் "டேஸ்" என்ற உறுப்பும் தனித்தனி. ஜனவரி 1 முதல் பிப்ரவரி 10 வரை எடுத்தால் "டி" 9, ஏனென்றால் ஒரு மாதத்தைக் கழித்துவிட்டது, "டேஸ்" 40. நாற்பது நாள் பழைய பதிவு "9 நாட்களுக்கு முன்" என்று நின்றால் "டி"யைப் படித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். "டேஸ்" எப்போதும் நேர்மறை எண் என்பதால் எதிர்காலப் பதிவுக்கும் அதே எண் வரும். முன்னா பின்னா என்று "இன்வர்ட்" உறுப்பில்தான் தெரியும்.

இவ்வளவும் சரியாக எழுதிய பிறகும் "புதியது" என்ற பட்டை வாரக்கணக்கில் போகாமல் நிற்கிறது என்றால் பேஜ் கேஷைப் பாருங்கள். பக்கம் ஒருமுறை உருவாகிச் சேமிக்கப்பட்டால் அதற்குள் இருக்கும் "இன்று" உறைந்துவிடும். கேஷ் பயன்படுத்தும் தளத்தில் இத்தகைய பட்டைகளை வாசகரின் பிரவுசரில் ஜாவாஸ்கிரிப்ட் முடிவு செய்வதே நல்லது.

இனி தேதி அல்லாத மதிப்புகள். இங்கேயும் வேர் அதுதான், எந்த வகை என்று தீர்மானிக்காமல் ஒப்பிடுவது. கெட், போஸ்ட் வழியாக வரும் எல்லாம் ஸ்ட்ரிங். டேட்டாபேஸிலிருந்து பிடிஓ (டேட்டாபேஸோடு பேச பிஎச்பியில் உள்ள வழி) மூலம் வரும் எண்கள் மைஎஸ்கியூஎல்லில் வழக்கமான அமைப்பில் முன்பு ஸ்ட்ரிங்காகவே வந்தன; பிஎச்பி 8.1 முதல் எண்ணாகவே வருகின்றன. $பதிவு_எண் === "5" என்று எழுதி வைத்தவர்களின் நிரல் சர்வரில் பிஎச்பியை உயர்த்திய அன்று சத்தமில்லாமல் நின்றது இதனால்தான். வாசலிலேயே எண்ணாக மாற்றிவிட்டு === போடுங்கள்.

இரண்டு சமக்குறியை ஏன் தவிர்க்கச் சொல்கிறோம் என்பதற்கு, 2020 நவம்பரில் வந்த பிஎச்பி 8க்கு முன்னர் 0 == "தமிழ்" என்பது ட்ரூ என்பதே போதும். எண்ணோடு ஒப்பிட ஸ்ட்ரிங்கை எண்ணாக மாற்றும், எண் இல்லாத ஸ்ட்ரிங் பூஜ்யமாகும். 8இல் இதைத் திருத்திவிட்டார்கள்; எண்ணைப் போல் தோன்றாத ஸ்ட்ரிங் என்றால் எண்ணை ஸ்ட்ரிங்காக்கி ஒப்பிடும். ஆனால் இரு பக்கமும் எண்ணைப் போல் தோன்றும் ஸ்ட்ரிங் என்றால் இன்றும் எண்ணாகத்தான் ஒப்பிடும். "007" == "7" ட்ரூ. குறிச்சொல்லின் முகவரித் துணுக்கு "007" என்றும் "7" என்றும் இரண்டு இருந்தால் ஒன்றின் பக்கத்தில் மற்றதன் பதிவுகள் வரும். கடவுச்சொல் ஹேஷை (கடவுச்சொல்லுக்குப் பதில் சேமிக்கும் குழப்பிய வடிவத்தை) == போட்டு ஒப்பிடுவது ஆபத்தே. பூஜ்யத்தில் தொடங்கி, அடுத்து அடுக்கைக் குறிக்கும் எழுத்தும், பிறகு வெறும் இலக்கங்களுமாக அமைந்த இரண்டு ஹேஷ்கள், பூஜ்யத்தைப் பத்தின் எந்த அடுக்கால் பெருக்கினாலும் பூஜ்யமே என்பதால் சமமாகிவிடும். அதற்கு "பாஸ்வேர்ட்_வெரிஃபை", "ஹேஷ்_ஈக்வல்ஸ்" இருக்கின்றன.

இன்-அரே ஃபங்ஷனுக்கு மூன்றாவதாக ட்ரூ கொடுக்காவிட்டால் அதுவும் இரண்டு சமக்குறி வழியில்தான் தேடும், ஸ்விட்சும் அப்படியே. பிஎச்பி 8இல் வந்த மேட்ச் மூன்று சமக்குறி வழி. தலைப்புக்குள் ஒரு சொல் இருக்கிறதா என்று ஸ்ட்ர்பாஸ் மூலம் தேடினால், சொல் தலைப்பின் தொடக்கத்திலேயே இருக்கும்போது இடம் 0 என்று வரும், நிபந்தனை அதை "இல்லை" என்று படிக்கும். 8 முதல் "ஸ்ட்ர்_கன்டெய்ன்ஸ்" இருப்பதால் இந்தத் தொல்லை வேண்டியதில்லை. "எம்ட்டி" ஃபங்ஷன் "0" என்ற ஸ்ட்ரிங்கையும் காலி என்று சொல்லும். பின்னூட்ட எண்ணிக்கை போன்ற இடங்களில் அதைப் போடாதீர்கள்.

"அதிகம் படிக்கப்பட்டவை" பட்டியலில் 98 பார்வை உள்ள பதிவு 1250 உள்ளதற்கு மேலே நிற்கிறதா? வேர்ட்பிரஸின் மெட்டா மதிப்புகள் (பதிவோடு சேர்த்து வைக்கும் கூடுதல் விவரங்கள்) டேட்டாபேஸில் எழுத்தாகவே சேமிக்கப்படுகின்றன. வரிசைப்படுத்தும்போது எண் என்று சொல்லாவிட்டால் 9, 1 என்ற முதல் எழுத்துகளே தீர்ப்பு எழுதும். உங்கள் ஜனவரிச் சிக்கலின் உடன்பிறப்பு இது.

தமிழில் எழுதும் நமக்கென்றே இன்னொன்று உண்டு. "கொ" என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகப் பதிக்கலாம்: ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றே ஒன்றாக, அல்லது ககரம், ஒற்றைக்கொம்பு, கால் என்று தனித்தனியாக. திரையில் ஒரு வித்தியாசமும் தெரியாது. பிஎச்பிக்கு இரண்டும் வேறு ஸ்ட்ரிங்; == போட்டாலும் === போட்டாலும் சமமாகாது. "கொடை" என்ற குறிச்சொல் பட்டியலில் இரண்டு முறை வந்து, பதிவுகள் இரண்டுக்குமாகப் பிரிந்து கிடந்தால் காரணத்தைக் கண்ணால் கண்டுபிடிக்கவே முடியாது. ஸ்ட்ரிங்கின் நீளத்தைப் பைட்டில் எண்ணினால் தெரியும்: ஒன்று மூன்று பைட் கூடுதலாக இருக்கும். இன்டில் எக்ஸ்டென்ஷனில் உள்ள நார்மலைசர் கொண்டு சேமிக்கும்போதும் தேடும்போதும் ஒரே வடிவுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். அகர வரிசையும் அப்படித்தான். சாதாரண சார்ட் யூனிகோடு எண் வரிசைப்படி ந, ன, ப என்று அடுக்கும். னகரம் மெய்களின் கடைசியில் வர வேண்டும் என்பது அதற்குத் தெரியாது. அதற்கு அதே எக்ஸ்டென்ஷனின் கொலேட்டரைத் தமிழ் அமைப்போடு பயன்படுத்த வேண்டும்.

வரிசைப்படுத்தும்போது யூசார்ட்டுக்குள் > போட்டு ட்ரூ, ஃபால்ஸ் திருப்பும் பழைய வழக்கத்தைக் கைவிடச் சொல்லி பிஎச்பி 8 எச்சரிக்கை காட்டும். $இரண்டு <=> $முதல் என்று எழுதினால் புதியது மேலே வரும்; தேதி ஆப்ஜெக்ட்டுக்கும் இது செல்லும்.

கடைசியாக உங்கள் டேட்டாபேஸில் ஏற்கெனவே இருக்கும் தேதிகள். பழைய நெடுவரிசையில் கை வைக்காதீர்கள். டேட்டைம் வகையில் புதிய நெடுவரிசை ஒன்று சேருங்கள். ஒரு சின்ன பிஎச்பி நிரலில் ஒவ்வொரு பதிவையும் எடுத்து, ஆச்சரியக்குறியோடு கிரியேட்-ஃப்ரம்-ஃபார்மேட்டில், ஏசியா/கொல்கத்தா என்று சொல்லிப் படித்து, திரும்ப எழுதி மூலத்தோடு ஒத்துப் பார்த்து, ஒத்தவற்றை மட்டும் யூடிசியாக மாற்றிப் புதிய இடத்தில் எழுதுங்கள். ஒத்துப்போகாதவை தனிப் பட்டியலாக வரட்டும்; "5-1-2025", சாய்கோடு போட்டவை, காலியாக விட்டவை எல்லாம் அதில் சிக்கும், அவற்றைக் கண்ணால் பார்த்துத் திருத்த வேண்டியதுதான். பிறகு வினவலைப் புதிய நெடுவரிசைக்கு மாற்றி, அதற்கு இன்டெக்ஸ் போடுங்கள். ஒரு நாளின் பதிவுகளை எடுக்கும்போது நெடுவரிசையை டேட் ஃபங்ஷனுக்குள் நுழைக்காமல், அந்த நாளின் தொடக்கத்துக்கு >=, மறுநாளின் தொடக்கத்துக்கு < என்று எழுதுங்கள்; இன்டெக்ஸும் பயன்படும், மாதக் கடைசி நாளில் பகலில் வந்த பதிவும் விடுபடாது. டிசம்பர் 31 இரவு 11:59, ஜனவரி 1 நள்ளிரவு, வெளியீட்டு நேரத்துக்குச் சரியாகச் சமமான நொடி ஆகிய மூன்றையும் "இப்போது" என்று கொடுத்து முகப்பைப் பாருங்கள். மூன்றிலும் சரியாக வந்தால் பழைய நெடுவரிசையை நீக்கிவிடலாம்.